சுகிர்தம் அளவுக்கு ஒரு கார்

1956 அக்டோபர் 1, டெட்ராய்ட்

இன்றும் கையெல்லாம் கந்தக நாற்றம். சோப்புப் போட்டுக் கழுவி, எலுமிச்சைத் தோலைத் தேய்த்து, மறுபடி கழுவியும் போகவில்லை. ஜோயல் அருமைநாயகம் அமெரிக்காவில் கார் கம்பெனியில் இருக்கிறான் என்று பசுமலையில் பெருமை பேசிக்கொண்டிருப்பார்கள். நான் இங்கே நாள் முழுக்க மண் பிசைகிறேன் என்று அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? சாதாரண மண்ணா அது? எண்ணெயும் மெழுகும் கந்தகமும் கலந்த மண். அடுப்பில் வைத்து இளக்கி, மரச்சட்டத்தின் மேல் அப்பி, நிஜக் கார் அளவுக்கே ஒரு பொம்மை செய்கிறோம். சீவிச் சீவி வழவழப்பாக்கி, மேலே நிறப் படலம் ஒட்டியதும் பெரிய மனிதர்கள் வந்து பார்த்து "ஆகா, என்ன கார்!" என்கிறார்கள். கதவு திறக்காது. உள்ளே முழுக்க மண்.

ஆபீசில் வாய்விட்டுத் திட்ட முடியாது. அதற்குத்தான் இந்த டைரி. மதுரையில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் படம் வரைந்துகொண்டிருந்தவனை மிஷன் துரை கலிபோர்னியாவுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். அங்கிருந்து இந்தக் கிராண்டல் மோட்டார்ஸில் பயிற்சியாளன். இங்கே தங்க எனக்குள்ள அனுமதிக் காகிதம் மார்ச்சோடு முடிகிறது. இன்று காலை டன்பார் எல்லோரையும் கூப்பிட்டு அறிவித்தான். ஜனவரியில் நியூயார்க்கில் கம்பெனியின் கண்காட்சி. அதில் மேடையேறும் கனவுக் கார் யாருடையதோ, அவனுக்கு நிரந்தர வேலை. வெளிநாட்டுக்காரன் என்றால் தங்குவதற்கான காகிதத்தையும் கம்பெனி வக்கீலே பார்த்துக்கொள்வான். சொல்லும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

டன்பார் எங்கள் ஸ்டுடியோவின் தலைவன். ஆபீசில் "சார்". டைரியில் "அவன்" போதும்.

அக்டோபர் 4

இந்தத் தொழிலில் ஒரு திருட்டு வழக்கம் உண்டு. காரை வரையும்போது உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதர்களைச் சின்னதாக வரைவார்கள். மனிதன் சின்னதானால் கார் நீளமாகத் தெரியும், தாழ்வாகத் தெரியும். பக்கத்து மேசை வெஸ் வரைந்த படத்தில் ஓட்டுகிறவன் தொப்பி போட்ட ஐந்து வயதுப் பிள்ளை அளவுக்கு இருக்கிறான். வாயில் பைப் வேறு. கண்றாவி!

"இது ஏமாத்து இல்லையா?" என்றேன்.

"எல்லாரும் ஏமாத்தினா அது ஏமாத்து இல்ல ஜோ, அது ஸ்டைல்" என்றான் வெஸ்.

நான் அப்படிச் செய்யமாட்டேன். போன மாதமே என் மனைவி சுகிர்தத்தைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி, தலை உயரம், முட்டி உயரம், இடுப்பு அகலம் எல்லாம் டேப்பால் அளந்துகொண்டேன். அந்த அளவுக்குத்தான் என் காரை வரைந்திருக்கிறேன். சுகிர்தம் நாலடி எட்டங்குலம். அது என் குற்றமா? உலகத்தில் இருக்கிற மனுஷிதானே.

அக்டோபர் 9

மண் பொம்மையின் இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் வெஸ்ஸுக்கு. இங்கே அதுதான் முறை. ஒரே பொம்மையில் இரண்டு பேருடைய இரண்டு அரைக் கார். நடுவில் கண்ணாடியை நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு பாதியும் முழுக் காராகத் தெரியும். இரண்டு பெண்டாட்டிக்காரன் வீடு போல இருக்கிறது. முன்னால் வந்து நின்றால் மூக்கே கோணல்.

டன்பார் மத்தியானம் வந்தான். அவனுக்குப் பென்சில் பிடிக்கத் தெரியாது. வாயில் சப்பிக்கொண்டிருந்த சுருட்டை எடுத்து, எச்சில் சொட்டச் சொட்ட, என் கூரைமேல் குத்தினான். "இங்க இறக்கு" என்று அர்த்தம். எச்சில் பட்ட மண்ணை நான் என் கையால் தோண்டி எடுத்தேன். சீ! மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்டோபர் 17

என் பக்கம் ஜெயித்தது! வெஸ்ஸின் பாதியைச் சுரண்டி எறிந்துவிட்டு என் பாதியை அந்தப் பக்கமும் செய்யச் சொல்லிவிட்டான். பேர்கூட வைத்தாயிற்று: ஐகாரா. மேலே கூரை கிடையாது, மீன் தொட்டியைக் கவிழ்த்தது போலக் கண்ணாடிக் குமிழ். தரையிலிருந்து குமிழின் உச்சி வரை நாற்பத்தைந்து அங்குலம்.

வெஸ்ஸுக்கு வயிற்றெரிச்சல். எல்லார் முன்னாலும், "அதுக்குள்ள ஒரு மனுஷன் உக்கார முடியாது சார்" என்றான். டன்பார் என் பக்கம் திரும்பினான். கை நழுவிப் போகிறதே என்ற பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

"என் மனைவி உக்காருவா" என்றேன்.

"கூட்டிட்டு வா, பார்ப்போம்."

அக்டோபர் 18

சுகிர்தம் பச்சைப் பட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். பலகையில் அதே அளவுக்கு இருக்கை செய்து வைத்திருந்தோம். ஏறி உட்கார்ந்தாள். அச்சில் வார்த்த மாதிரி பொருந்தினாள். தலைக்கு மேல் நாலு விரல் இடம் மிச்சம். வெஸ் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

டன்பார் கண் அகன்றுவிட்டது. சுற்றிச் சுற்றி வந்தான். "இவ உள்ள இருந்தா இந்தக் கார் இருபதடி தெரியுது" என்றான். பிறகு என் தோளில் கை போட்டு, "நியூயார்க்ல இவதான் உட்காரணும். இந்த உடைதான். எதிர்காலத்துக்கும் கிழக்குக்கும் கல்யாணம்!" என்றான். அப்படியென்றால் என்ன என்று அவனுக்கே தெரியாது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இறங்கினதும் சுகிர்தம் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். கொல்லைப்பக்கம் ஓடினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள், எடுத்தாள், அப்படி எடுத்தாள்.

"என்ன நாத்தம்ங்க இது, குடலப் பெரட்டுது" என்றாள்.

"தினமும் நான் இதுலதான கெடக்கேன்" என்றேன். எனக்கு ஒரே மானக்கேடு.

அக்டோபர் 28, ஞாயிறு

சர்ச்சுக்குச் சுகிர்தம் வரவில்லை. காப்பி வாசனை ஆகவில்லையாம். நான் தாளிக்கிற எண்ணெய் ஆகவில்லையாம். என் சட்டையைத் தனிக் கூடையில் போடச் சொல்கிறாள். லெபனான்காரர் கடையில் புளி கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம், பஸ் ஏறிப் போய் வாங்கி வந்து, உப்புத் தொட்டுச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஊர்ச் சாப்பாடு யாரையும் இப்படித்தான் ஆக்கும். நேற்று கேன்டீனில் போட்ட இறைச்சிக் கட்டியைப் பார்த்திருந்தால் அவள் இன்னும் இரண்டு நாள் எடுத்திருப்பாள்.

நவம்பர் 5

சுருட்டு. இன்னும் ஓர் அங்குலம் இறக்கம். ஆண்டவரே, இவன் வாயில் புண் வரக்கூடாதா!

நவம்பர் 22

இன்று நன்றி தெரிவிக்கும் பண்டிகை என்று ஊரே அடைத்துக்கிடக்கிறது. தோற்றவன் என்ற கோபம் இருக்கும் என்று பார்த்தால் வெஸ்ஸே வந்து வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். அவன் மனைவி டோரத்தி வான்கோழியை முழுசாக மேசைமேல் வைத்தாள். வயிற்றுக்குள் ரொட்டியைத் திணித்து, கரண்டியால் அதைத் தோண்டித் தோண்டிப் பரிமாறுகிறார்கள். கடவுளே, சாப்பாடா பிணப் பரிசோதனையா! அதற்கு மேல் தித்திப்பு ஜாம். சக்கரைவள்ளிக்கிழங்கின் மேல் வெள்ளை வெள்ளையாக மிட்டாய்.

இதில் ஒரு அவமானமும் சேர்ந்தது. எல்லோருக்கும் ஒயின் ஊற்றிய டோரத்தி சுகிர்தத்தின் முன்னால் இருந்த கோப்பையை மட்டும் எடுத்துவிட்டு ஒரு டம்ளர் பாலை வைத்தாள். முதுகுக்குத் தலையணை வேறு. குள்ளமாக இருக்கிறாள் என்று குழந்தை என நினைத்தாளோ, நம் நிறத்தைப் பார்த்து இளக்காரமோ. வரும் வழியில் சொல்லிச் சொல்லி ஆத்திரப்பட்டேன். சுகிர்தம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "டோரத்தி நல்ல பொம்பள" என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பர் 6

மண் பொம்மையிலிருந்து அச்செடுத்து ஃபைபர் கண்ணாடியில் உடம்பு வார்த்தாயிற்று. முத்து வெள்ளை நிறம். உள்ளே வெள்ளைத் தோல். எஞ்சின் கிடையாது. கியர் கிடையாது. நாலு பேர் பின்னால் நின்று தள்ளினால் போகும். இதற்குப் பேர் எதிர்காலத்தின் கார். எங்கள் ஊர்ச் சப்பரமே தேவலை, அதை இழுக்கிறவர்கள் அது கார் என்று பொய் சொல்வதில்லை.

குமிழைத் தூக்குவதற்கு உள்ளே ஒரு கைப்பிடி வரைந்திருந்தேன். டன்பார் அதைப் பார்த்து, "அசிங்கமா இருக்கு, எடு" என்றான். குமிழுக்கும் உடம்புக்கும் நடுவில் காற்றுக்காக விட்டிருந்த இடைவெளியும் அசிங்கமாம். அதையும் ரப்பர் வைத்து அடைக்கச் சொல்லிவிட்டான். இப்போது குமிழை வெளியிலிருந்து நாலு திருகு போட்டு மூடவேண்டும், வெளியிலிருந்தே கழற்றவேண்டும்.

"உள்ள இருக்கிறவங்களுக்கு மூச்சு?" என்று வெஸ் கேட்டான். இவன் ஏன் என் காரில் மூக்கை நுழைக்கிறான்?

"பத்து நிமிஷத்துக்கு ஒரு மனுஷிக்கு எவ்வளவு காத்து வேணும்?" என்றான் டன்பார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

டிசம்பர் 12

இன்று உட்காரவைத்துப் பார்த்தோம். சனியன், பொருந்தவில்லை! அக்டோபரில் அச்சில் வார்த்த மாதிரி இருந்தவள் இன்று உள்ளே இறங்கவே திணறுகிறாள். ஸ்டியரிங் வயிற்றில் முட்டுகிறது. அவள் அளவுக்கு நான் கார் செய்தால், அவள் அளவு மாறினால் நான் என்ன செய்ய? கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். புளியும் பாலும் ரொட்டியுமாக இறக்கினால் இப்படித்தான் என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன், ஆனால் தமிழில்தானே சொன்னேன்.

இருக்கையின் உள்பஞ்சை நானே கத்தியால் சீவி மெலிதாக்கினேன். முதுகைச் சாய்த்தால் உட்காரலாம், ஆனால் முட்டி வயிற்றோடு வந்து ஒட்டுகிறது.

வீட்டுக்கு வந்ததும், "ஏங்க, ஒங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"எதுவா இருந்தாலும் ஜனவரி முடியட்டும், சுகிர்தம்."

"அது ஜனவரி வரைக்கும் ஒளிஞ்சிருக்காதுங்க."

நான் விளக்கை அணைத்துவிட்டேன். தலைவலி.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். ஆராதனை முடிந்து வந்து பிரியாணி என்ற பேரில் எதையோ செய்தோம். சுகிர்தம் சோபாவில் உட்கார்ந்து மஞ்சள் நூலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சட்டை பின்னிக்கொண்டிருந்தாள். டோரத்தி கற்றுக்கொடுத்தாளாம். டோரத்தி பிள்ளைக்கு எட்டு வயது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

1957 ஜனவரி 10

சொல்லிவிட்டாள். ஐந்தாவது மாதமாம். டோரத்தி கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். எனக்குச் சந்தோஷம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து ஆண்டவர் கண் திறந்திருக்கிறார், சந்தோஷம் இல்லாமல் இருக்குமா?

பிறகு அவள் கேட்டாள். "அந்தக் கூண்டுக்குள்ள நான் போயித்தான் ஆகணுமாங்க?"

"வேற யாரு அதுல உக்கார முடியும்? பத்தே நிமிஷம். வேலை நெலைச்சாத்தான நாம இங்க இருக்க முடியும். இந்தப் பிள்ளைக்காகத்தான் சொல்றேன்."

"பிள்ள மேல பாரத்தப் போடாதீங்க. ஒங்களுக்காகப் போறேன்னு சொல்லுங்க, போறேன்."

"சரி, எனக்காக."

என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணும் முடியலைன்னா ஒடனே தொறக்கணும். ஆனா கைய ஆட்டச் சொல்லியிருக்கானே ஒங்க தொர. கை ஆட்டுனா எல்லாரும் திரும்பி ஆட்டுவாங்க. அதனால நான் வாயால சொல்லுவேன். சத்தம் வெளிய வராது. நீங்க எங்கிட்டும் பாக்காம என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கணும். அந்தக் கூட்டத்துல தமிழ் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான்."

"இதென்ன பெரிய காரியம், நிக்கிறேன்" என்றேன். கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைகள் இப்படிச் சத்தியம் பண்ணக்கூடாது என்று கேலி செய்தேன். சிரிக்கவில்லை.

டன்பாரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் ஆளை மாற்றுவான். ஆள் கிடைக்காவிட்டால் காரை மாற்றுவான்.

ஜனவரி 24, நியூயார்க்

ஹோட்டல் மாடியில் பதினாறு பேர் முட்டி போட்டுக்கொண்டு எஞ்சின் இல்லாத காருக்கு மெழுகு பூசுகிறார்கள். சக்கரத்தில் கைரேகை விழுந்ததென்று ஒருவனை டன்பார் நாயே என்றான். பக்கத்து மேடைகளில் நிற்கிற பெண்களுக்குச் சிரிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள். பல் தெரியவேண்டும், ஈறு தெரியக்கூடாதாம். எனக்கு எல்லாமே குமட்டுகிறது. நாளை ஒரு நாள்.

ஜனவரி 25

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குப் பத்திரிகைக்காரர்களை உள்ளே விட்டார்கள். சுகிர்தம் அதே பச்சைப் பட்டில் உள்ளே உட்கார்ந்திருந்தாள். நாலு திருகையும் போட்டுக் குமிழை மூடினோம். ஐகாராவின் மேல் போர்த்தியிருந்த வெள்ளித் துணியை உருவினார்கள். மேடை மெதுவாகச் சுழல ஆரம்பித்தது. மேலேயிருந்து சினிமா விளக்குகள். கூட்டம் "ஆ" என்றது. பொய்யில்லை, அழகாகத்தான் இருந்தது. நான் வரைந்த கோடு, ஒரு மயிரிழை மாறாமல் அப்படியே சுழன்றது.

சுகிர்தம் கையை ஆட்டினாள். கூட்டமும் ஆட்டியது. டன்பார் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கம்பெனித் தலைவரிடம் நிறுத்தினான். "இவன்தான் அந்த ஆள்" என்றான். தலைவர் என்னிடம் கை குலுக்கினார். ஊர் எது, மனைவி பேர் என்ன, எத்தனை வருடம் இங்கே இருக்க உத்தேசம் என்று விசாரித்தார். வக்கீலிடம் நானே பேசுகிறேன் என்றார். நான் மேடையைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னேன்.

மேடை சுழன்று அவள் முகம் என் பக்கம் வந்தபோது ஏதோ சொன்னாள். விளக்கு வெளிச்சம் குமிழில் பட்டுக் கண் கூசியது. என்ன சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. மறுபடி வந்தபோதும் சொன்னாள். அப்போதும் விளங்கவில்லை. போட்டோக்காரர்கள் பளிச்பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது முறை வந்தபோது அவள் கை ஆட்டவில்லை. குனிந்தாள். உள்ளேயே வாந்தி எடுத்துவிட்டாள். வெள்ளைத் தோலில், ஸ்டியரிங்கில், குமிழின் உட்புறத்தில் எல்லாம் தெறித்தது. மேடை தன் பாட்டுக்குச் சுழன்று அதை ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டு போனது. முன்வரிசையில் இருந்த ஒரு சீமாட்டி கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள்.

டன்பார், "மூடு! மூடு!" என்று கத்தினான். குமிழைத் திறக்கச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை. இரண்டு பேர் ஓடிவந்து அந்த வெள்ளித் துணியைத் தூக்கி அப்படியே காரின் மேல் போர்த்தினார்கள். அவள் உள்ளே இருக்க! விளக்கை அணைத்து பாண்டு வாத்தியத்தை வாசிக்கச் சொன்னார்கள். தூ, இவர்களும் மனிதர்களா! துணிக்கடியில் குமிழைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

வெஸ்ஸும் நானும் ஓடித் திருகைக் கழற்றித் திறந்தோம்.

ஜனவரி 27, ரயிலில்

நியூயார்க் டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டார். மூச்சு முட்டி மயக்கம் வந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. குழந்தையின் இருதயம் நன்றாகத் துடிக்கிறதாம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

சுகிர்தம் எதிர் சீட்டில் தூங்குகிறாள். தூங்குவது போலவும் இருக்கலாம். டோரத்தி கொடுத்தனுப்பிய பிஸ்கட்டைச் சாப்பிட்டாள். நான் வாங்கிக் கொடுத்த ஆரஞ்சு அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 4

அவள் வாந்தி எடுத்ததைப் பற்றி ஒரு பத்திரிகையும் எழுதவில்லை. கம்பெனி விளம்பரம் கொடுக்கிற பத்திரிகை எப்படி எழுதும்! மாறாக எல்லாவற்றிலும் ஒரே போட்டோ. குமிழுக்குள் சுகிர்தம், கை தூக்கியிருக்க, வாய் திறந்திருக்கிறது. "எதிர்காலம் உங்களை வரவேற்கிறது" என்று கீழே போட்டிருக்கிறார்கள். ஊரெல்லாம் ஐகாரா பேச்சாம். டன்பார் அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, எனக்குக் கொடுத்தான். கூடவே நிரந்தர வேலைக்கான ஒப்பந்தம்.

"விற்கப்போற கார்ல ஒன்னோட வால் விளக்க அப்படியே வைக்கிறோம்" என்றான்.

"மத்தது?"

"மத்தது எப்படி முடியும்? கூரைய ஒம்பது அங்குலம் தூக்கணும். சாதாரண மனுஷங்க உக்காரணும்ல!" என்று சொல்லிச் சிரித்தான். சுருட்டுச் சாறு உதட்டில் வழிந்தது. என்னோடது என்று மிச்சமிருப்பது இரண்டு வால் விளக்கு. ஒப்பந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் போட்டோவை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

பிப்ரவரி 8

ஆபீசிலிருந்து வந்தபோது அந்தப் போட்டோ சாப்பாட்டு மேசைமேல் நிமிர்த்தி வைத்திருந்தது. சுகிர்தம் எதிரே உட்கார்ந்திருந்தாள். பெட்டி பாதி அடுக்கிக் கிடந்தது. மிஷனைச் சேர்ந்த ஒரு தம்பதி அடுத்த வாரம் கப்பலேறி மதுரைக்குத் திரும்புகிறார்கள், அவர்களோடு போகப் பேசிவிட்டாளாம்.

"தலைப்பிரசவம் அம்மா வீட்லதான முறை" என்றாள்.

"போயிட்டு எப்ப வருவ?"

அவள் போட்டோவில் தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். "இதுல நான் என்ன சொல்றேன்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கிறேன்னு சத்தியம் பண்ணீங்க. பாத்துக்கிட்டுத்தான் நின்னீங்க. நான் ஒங்களப் பாத்தேன். ஒங்க கண்ணு என் வாயிலதான் இருந்துச்சு."

"வெளிச்சம், சுகிர்தம். கண்ணாடி முழுக்க வெளிச்சம்."

"அப்பறம் தொறந்தது யாரு? வெஸ்தான மொதல்ல துணிக்குள்ள பூந்து வந்தாரு. நாலு திருகும் அவரு கையால கழட்டுனாரு. நீங்க வந்து நின்னு சீட்டப் பாத்தீங்க. என்னையப் பாக்குறதுக்கு முந்தி சீட்டப் பாத்தீங்க."

அந்தச் சமயத்தில் யார் எதைப் பார்த்தார் என்று கணக்கா வைக்க முடியும் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரே ஒரு கேள்விங்க. பயந்துட்டேன்னு சொல்லுங்க, ஆசப்பட்டுட்டேன்னு சொல்லுங்க, எதச் சொன்னாலும் சரி. நெசத்தச் சொன்னீங்கன்னா இந்தப் பெட்டியப் பிரிச்சிட்டு இங்கனயே பெத்துக்கிறேன். நான் சொன்னது ஒங்களுக்கு விளங்குச்சா, விளங்கலயா?"

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை அணைத்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"விளங்கல" என்றேன்.

"சரி" என்றாள். உள்ளே போய் மிச்சத் துணியை மடிக்க ஆரம்பித்தாள். அந்த மஞ்சள் சட்டையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

பிப்ரவரி 14

ஸ்டேஷனுக்கு வெஸ்தான் காரில் கொண்டுபோய் விட்டான். டோரத்தி அழுதாள். சுகிர்தம் ரயில் ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். வெஸ்ஸுக்கும் டோரத்திக்கும் ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

பிப்ரவரி 15

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். டன்பார் முதுகில் தட்டினான். எல்லோரும் காகிதக் கோப்பையில் ஷாம்பெயின் குடித்தார்கள். வெஸ் மட்டும் வரவில்லை, தலைவலியாம். சாயங்காலம் ரசம் வைத்தேன். அவள் விட்டுப்போன புளி இருந்தது. பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. வாயில் வைக்க முடியவில்லை. கையில் இன்னும் அதே கந்தக நாற்றம். இன்று நான் மண்ணைத் தொடவே இல்லை.

அவள் சொன்னது "தொறங்க". முதல் சுற்றிலேயே விளங்கிவிட்டது.